தேவாலாவுல தங்கம் இல்லீங்க, அட்டைதான்

முதல்லயே சொல்லிடறேன். நான் கோலாருக்குப் போகல.

போன வாரம் முத்தியால்பேட்டைல ஒரு கல்யாணம். பந்தியில எனக்குப் பக்கத்து இலை எங்க மாமாவோடது (அம்மாவுக்கு ஒன்னுவிட்ட தம்பி, எந்தக் கல்யாணத்துலயும் முதல் பந்தியை விட்டதா சரித்திரம் இல்ல). அப்பளத்தை நொறுக்கிக்கிட்டே கேட்டாரு.

"இன்னாம்மா, ஏதோ தங்கச் சுரங்கம் பாக்கப் போனீங்களாமே?"

"ஆமா மாமா, நீலகிரியில. தேவாலான்னு ஒரு ஊரு."

"நீலகிரியில ஏதும்மா தங்கம்? அது கேஜிஎஃப்பு. படமே வந்துச்சே."

"இல்ல மாமா, அது வேற, இது வேற..."

"பஸ்ஸு மாறி ஏறிட்டிருப்ப."

சாம்பார் வாளியோட நின்ன பையன்கூட சிரிச்சுட்டான். எனக்கு வந்துச்சே ஒரு கோவம். பாயசத்தைக்கூட பாதியில வச்சுட்டு எழுந்துட்டேன் (பால் பாயசம். இப்ப நெனச்சா வருத்தமாத்தான் இருக்கு). அந்தக் கோவத்துல உக்காந்து எழுதறதுதான் இது.

நான் இருக்கறது பாண்டிச்சேரி கருவடிக்குப்பம். ஈசிஆர்ல சிவாஜி சிலை இருக்கே, அதுக்குக் கிட்ட. பாரதியார் உக்காந்த குயில் தோப்பு எங்க ஏரியா, சித்தானந்தா சாமி கோயில் எங்க ஏரியா, சுடுகாடும் எங்க ஏரியாதான். சிவாஜி 1969-லயே 'தங்கச்சுரங்கம்'னு ஒரு படத்துல நடிச்சுட்டாரு. ஆக, கேஜிஎஃப் படத்து யஷ்ஷுக்கு அரை நூற்றாண்டு முன்னாடியே எங்க ஆளு. இதை பந்தியில சொல்லியிருக்கணும். வாசப்படி இறங்கும்போதுதான் ஞாபகம் வந்துச்சு. எனக்கு எப்பவும் இப்படித்தான்.

சரி, தேவாலாவுக்கு ஏன் போனேன்? எங்க வீட்டுக்காரர் வாங்குன மனையாலதான்.

2009-ல திண்டிவனத்துக்கு அந்தப் பக்கம் ஒரு மனை வாங்குனாரு. அதுக்கு ஒரு விளம்பரப் புஸ்தகம் குடுத்தாங்க. வழவழன்னு காயிதம், நீச்சல் குளம் படம், நீரூற்று படம், அதுக்குப் பக்கத்துல ஒரு வெள்ளைக்காரக் குடும்பம் நாய் புடிச்சுக்கிட்டு நடக்குது. "விமான நிலையம் 10 நிமிடத்தில்"னு வேற போட்டிருந்துச்சு. (பத்து நிமிஷத்துல விமான நிலையம் வேணும்னா எங்க வீட்டுக்குக் காசே குடுக்க வேணாம். லாஸ்பேட்டை ஏர்போர்ட்டு எங்க மொட்டைமாடியிலிருந்தே தெரியும்.) இன்னைக்கு அந்த மனையில நாலு மஞ்சக்கல்லும் நாப்பது கருவேல மரமும் இருக்கு. ரோடு இன்னும் வரல. வித்தவர் போன் நம்பர் உபயோகத்துல இல்ல.

இந்த வருஷம் லீவுல என் பையன் போன்ல பழைய நீலகிரி கெசட்டியரை இறக்கிக் குடுத்தான். டபிள்யூ. பிரான்சிஸ்னு ஒரு ஐ.சி.எஸ். அதிகாரி எழுதி 1908-ல வந்தது. ஊட்டியில எங்க தங்கலாம், எதைச் சாப்பிடலாம்னு பாக்க ஆசைப்பட்டவளுக்கு (நூறு வருஷத்துக்கு முந்தின புஸ்தகத்துல!) கிடைச்சது தேவாலா கதை. படிக்கப் படிக்க எனக்கு அந்த வழவழ காயிதமே ஞாபகத்துல. "ஏங்க, உங்களை மாதிரி ஆளுங்க லண்டன்லயும் இருந்திருக்காங்க"ன்னேன். அவருக்கு சிரிப்பு வரல. ஆனா போய்ப் பாக்கலாம்னு ஒத்துக்கிட்டாரு.

போனது ஜூலையில. இதுதான் நான் பண்ண முதல் தப்பு.

பாண்டிச்சேரிக்காரங்களுக்கு மழைன்னா ஐப்பசி, கார்த்திகை. ஆடியில காத்து அடிக்கும், மாரியம்மனுக்குக் கூழ் ஊத்துவாங்க, அவ்ளோதான். ஆடியில மழைக்கோட்டு எடுத்துக்கிட்டு ஊருக்குக் கிளம்புறது எங்க வழக்கத்துலயே இல்ல. ஆனா தேவாலா இருக்கற பக்கம் கேரளத்து மழை பெய்யற பக்கம். தமிழ்நாட்டுல அதிகமா மழை கொட்டுற இடங்கள்ல அது ஒண்ணு, 'தென்னாட்டுச் சிரபுஞ்சி'ன்னே பேரு. டிவியில வானிலைச் செய்தி வாசிக்கும்போது "நீலகிரி மாவட்டம் தேவாலா"ன்னு வருமே, அதே தேவாலாதான். வருஷக் கணக்கா அந்தப் பேரைக் கேட்டிருக்கேன். என் மண்டையில உறைக்கல.

ரெண்டாவது தப்பு, தண்ணி பாட்டில். நீலகிரியில பிளாஸ்டிக் பாட்டிலுக்குத் தடை. மலை ஏறுற வழியில செக்கிங்ல எங்க ரெண்டு பாட்டிலையும் வாங்கி வச்சுக்கிட்டாங்க. நியாயம்தான். (சொந்த வண்டியில போறவங்களா இருந்தா 2024 மே மாசத்துலருந்து இ-பாஸும் எடுக்கணும். நாங்க பஸ்ஸு, அதனால அந்தத் தொல்லை இல்ல.)

மூணாவது, 'மலைமேல தங்கம்'னா ஊட்டிக்கும் மேல ஏறணும்னு நெனச்சது. ஏறவே வேணாம். ஊட்டியிலிருந்து பைக்காரா, நடுவட்டம்னு அந்தப் பக்கமா இறங்கணும். வளைவுக்கு வளைவு வயித்தைப் பிசையும். ஊட்டியில நடுங்கி நடுங்கிப் போட்ட ஸ்வெட்டரைக் கூடலூர்ல கழட்டிப் பையில திணிச்சேன். கூடலூர் லாட்ஜுல "தங்கச் சுரங்கம் பாக்கணும்"னு கேட்டதுக்கு அந்தத் தம்பி, "ஊசிமலை இருக்கு, தவளமலை இருக்கு, முதுமலையில யானை இருக்கு"ன்னு மூணு விரலை மடக்கிட்டு நிறுத்திட்டான்.

மறுநாள் காலையில பந்தலூர் பஸ். கண்டக்டர் ஒரு சீட்டுக்காரர்கிட்ட தமிழ்ல சில்லறை கேட்டு, அடுத்த சீட்டுல மலையாளத்துல சண்டை போட்டு, பின்சீட்டுப் பாட்டிகிட்ட கன்னடத்துல ஏதோ சொல்லிச் சிரிச்சுட்டு வந்தாரு. நாடுகாணியில ஒரு ரோடு நிலம்பூருக்குக் கீழ இறங்குது. இன்னொன்னு தேவாலாவுக்கு. ஜன்னல் ஷட்டரை இறக்கியும் மடியெல்லாம் தண்ணி. ரெண்டு பக்கமும் தேயிலை. பனி வந்து மூடும், விலகும், திரும்ப மூடும்.

தேவாலா பஜார்ல இறங்குனா ஒரு மருந்துக்கடை, ஒரு பேக்கரி, செல்போன் ரீசார்ஜ், ஜீப்பு ஸ்டாண்டு. தங்கத்துக்கான அடையாளம்னு பாத்தா ஒரு அடகுக்கடை போர்டுதான்.

மழைக்கு ஒதுங்குன டீக்கடையில கண்ணாடி அலமாரிக்குள்ள உன்னியப்பமும் பருப்பு வடையும் பக்கத்துல பக்கத்துல. கடைக்கார அம்மாவுக்கு ஒரு நாப்பது வயசு இருக்கும். டீ ஆத்திக்கிட்டே என் காலைப் பாத்தாங்க.

"அக்கா, அட்டை."

குனிஞ்சு பாத்தா, ஒண்ணு இல்ல, மூணு. கொலுசுக்குக் கீழ வரிசையா தொங்குது. வலிக்கவே இல்ல. நான் போட்ட சத்தத்துல பஜார் நாய் எழுந்து ஓடிருச்சு. அந்த அம்மா சாவகாசமா வந்து, டப்பாவுலருந்து ஒரு சிட்டிகை உப்பை எடுத்து வச்சாங்க. சுருண்டு விழுந்துச்சு. அதுக்கப்புறம் ரத்தம் நிக்க அரைமணி நேரம் ஆச்சு. எங்க வீட்டுக்காரர் கொஞ்சம் தள்ளி நின்னு, "பவுனு எடுக்க வந்தா இது ரத்தத்தை எடுக்குது"ன்னாரு. மனை மேட்டருக்குப் பழி வாங்குறாராம்.

"தங்கம் பாக்கவா வந்தீங்க? இந்த மழையிலயா?" அந்த அம்மா கேட்டாங்க. "எங்கம்மா சின்னப் புள்ளையில அந்தப் பக்கம் போவாத போவாதன்னு அடிக்கும். பேய்க்குப் பயந்து இல்ல அக்கா, குழிக்குப் பயந்து. எது புல்லு, எது குழின்னு தெரியாது."

அவங்க அப்பா இலங்கையில பதுளைக்காரர். 1964-ல சிறிமாவோவும் சாஸ்திரியும் ஒப்பந்தம் போட்டு, மலையகத்துத் தமிழர்ல 5,25,000 பேரை இந்தியா எடுத்துக்கணும், 3,00,000 பேரை இலங்கை வச்சுக்கணும்னு எண்ணிக்கையில பிரிச்சாங்களே, அதுல இந்தப் பக்கம் வந்த குடும்பம். அப்படி வந்தவங்களுக்கு வேலை குடுக்கறதுக்குன்னே தமிழ்நாடு அரசு போட்டதுதான் டேன்டீ தேயிலைத் தோட்டம். பந்தலூர், சேரம்பாடி, நெல்லியாளம்னு இந்தச் சுத்துவட்டாரம் பூரா அவங்கதான். "அங்கயும் கொழுந்து, இங்கயும் கொழுந்து. அங்கயும் லயம், இங்கயும் லயம். நடுவுல ஒரு கப்பல் மட்டும்"னாங்க. சொல்லிட்டு அடுத்த டீயை ஆத்தப் போயிட்டாங்க. எனக்குத்தான் வடை இறங்கல.

மழை விட்டப்புறம் அவங்க தம்பி கூட வந்தாரு. தோட்டத்து வாட்ச்மேன்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு, தேயிலைச் செடிக்கு நடுவுல ஒத்தையடிப் பாதை. நான் சேலையில போனது நாலாவது தப்பு, அதை விரிவா சொல்ல விருப்பமில்ல. கால்ல மூக்குப்பொடியும் தேங்காய் எண்ணெயும் குழைச்சுப் பூசி விட்டிருந்தாங்க. அட்டை வரல. தும்மல்தான் நிக்கல.

ஒரு கால்மணி நேரம் நடந்திருப்போம். "அந்தா"ன்னாரு.

நான் என்னத்தையோ எதிர்பாத்தேன். இரும்புக் கோபுரம், தண்டவாளம், தள்ளுவண்டி. அங்க இருந்தது சரிவுல ஒரு ஓட்டை. ஆள் குனிஞ்சா நுழையலாம். வாய் முழுக்கப் பெரணி. மேல ஒரு பலாமரத்து வேர் கதவுக்கு மேல நிலைக்கட்டை மாதிரி குறுக்கால ஓடுது. உள்ளேருந்து சில்லுன்னு ஒரு காத்து, ஐஸ்பெட்டியைத் திறந்தா மூஞ்சியில அடிக்குமே அது. தரையில கணுக்கால் அளவு தண்ணி நிக்குது, துளிக்கூட அசையல. செல்போன் லைட்டை அடிச்சா சுவத்துல உளி பட்ட தழும்பு ஒண்ணுக்குக் கீழ ஒண்ணா தெரியுது. சாய்வா, ஒரே சீரா. அதை வெட்டுனவன் இடதுகைக்காரனோன்னு எங்க வீட்டுக்காரர் ரொம்ப நேரம் ஆராய்ச்சி பண்ணாரு. பாறைக்கு நடுவுல வெள்ளையா ஒரு பட்டை, இடுப்புப் பட்டி அகலத்துக்கு, கோணலா ஏறுது. அதுதான் வெள்ளைக்கல்லு, குவார்ட்ஸ். அதுக்குள்ளதான் தங்கம் இருக்கணும்.

உள்ள போகல. போகவும் கூடாது. இப்பவும் ராத்திரியில திருட்டுத்தனமா நுழைஞ்சு தோண்டுற ஆளுங்க உண்டு. மண் சரிஞ்சு செத்துப் போனவங்க உண்டு. போலீஸ் புடிச்ச சேதி அப்பப்ப பேப்பர்ல வரும். நாங்க வாசல்ல நின்னு பாத்துட்டு, கீழ கிடந்த ஒரு துண்டுக் கல்லை எடுத்துக்கிட்டோம். உள்ளங்கை அளவுதான். வெள்ளையில மஞ்சளா ஒரு இடத்துல மின்னுச்சு. (அந்த மின்னலுக்குக் கடைசியில வரேன்.)

இப்ப கதைக்கு வாங்க.

இந்தப் பக்கத்து ஓடையில மண்ணை அரிச்சுத் தங்கம் எடுக்கறது ரொம்பப் பழைய தொழில். பழங்குடிகளான பணியரும் குறும்பரும் செஞ்சிருக்காங்க, பலனைப் பெரும்பாலும் நிலக்காரங்க எடுத்திருக்காங்க. கும்பெனிக்காரங்களுக்கும் மூக்கு வேர்த்து, 1831-ல நிக்கல்சன்னு ஒரு லெப்டினன்டை அனுப்பித் தேட வச்சாங்க. பெரிசா ஒண்ணும் நடக்கல.

அப்புறம் வந்தது காப்பி. வெள்ளைக்காரங்க காட்டை வெட்டிக் காப்பி போட்டாங்க. 1860, 70-கள்ல காப்பிக்குத் தண்டுத் துளைப்பான் பூச்சி, இலையில துரு நோய். தோட்டம் தோட்டமா போச்சு. கடன் கழுத்துக்கு வந்துருச்சு. அந்த நேரம் பாத்து, "கீழ தங்கம் இருக்கு"ன்னு ஒரு பேச்சு கிளம்புது. 1874-ல ஆல்ஃபான்னு ஒரு கம்பெனி தேவாலா பக்கம் ஸ்கல் ரீஃப்ங்கற இடத்துல இறங்குது. ஸ்கல்னா மண்டையோடு. மண்டையோடுன்னு பேரு வச்ச இடத்துல பணம் போட்டிருக்காங்க பாருங்க. மறு வருஷம் புவியியல் துறையிலிருந்து டாக்டர் கிங் வந்து பாத்துட்டு ஒரு குறிப்பு எழுதுறாரு.

1879-ல வர்றாரு நம்ம கதாநாயகர், ராபர்ட் பிரௌ ஸ்மித். ஆஸ்திரேலியாவுல விக்டோரியா மாகாணத்துச் சுரங்கத் துறைக்குச் செயலாளரா இருந்தவரு. அங்கத்துத் தங்க வயலைப் பத்தி 1869-ல தடிமனா ஒரு புஸ்தகமே எழுதியிருக்காரு. கூட வேலை செஞ்சவங்களைப் படுத்துன பாட்டுக்கு விசாரணை வச்சு, 1876-ல பதவியை விட்டு விலக வேண்டியதாச்சு. (அரசாங்க ஆபீசு எல்லா ஊர்லயும் ஒண்ணுதான் போல.) அவரை இந்திய அரசாங்கம் கூப்பிட்டு, தேவாலா பக்கத்தையும் சேத்த வயநாட்டுத் தங்கத்தைப் பத்தி அறிக்கை குடுக்கச் சொல்லுது. அவரும் சுத்திப் பாத்து, வரிவரியா வெள்ளைக்கல்லைக் கணக்கெடுத்து, கல்லைச் சோதிச்சு, நல்லா வரும்னு எழுதிக் குடுத்துட்டாரு.

அந்த அறிக்கைதான் வழவழ காயிதம். நாய் புடிச்சுக்கிட்டு நடக்குற குடும்பம் மட்டும்தான் அதுல இல்ல.

லண்டன்ல பத்திக்கிச்சு. ரெண்டே வருஷத்துல, 1880, 81-ல, முப்பதுக்கு மேல கம்பெனி. இந்தியன் கிளென்ராக், ரோட்ஸ் ரீஃப், தேவாலா மோயார், இந்தியன் ஃபீனிக்ஸ். எரிஞ்ச சாம்பல்லருந்து எழுமாம் ஃபீனிக்ஸ் பறவை. இது எரியறதுக்கே எழும்பல. எல்லாத்துக்கும் சேத்துக் காயிதத்துல எழுதுன மூலதனம் 40 லட்சம் பவுனுக்கு மேல.

இந்த இடத்துல நிறுத்தி ஒரு கணக்குப் போட்டேன். (நான் ஒரு கம்பெனியில கணக்கெழுதறவ. பழக்க தோஷம்.) நாம நகைக்குப் பவுன்னு சொல்றது எதுலருந்து வந்துச்சு? இங்கிலாந்து ஒரு பவுன் தங்கக் காசுலருந்துதான். அதனாலதான் நமக்குப் பவுன்னா எட்டு கிராம். அப்படின்னா 40 லட்சம் பவுன்னா, 40 லட்சம் தடவை எட்டு கிராம். முப்பத்திரெண்டு டன்னு! மலைக்குள்ளேருந்து தங்கம் எடுக்கறதுக்கு முப்பத்திரெண்டு டன் தங்கத்தைக் காயிதத்துல எழுதியிருக்காங்க. முழுசா வசூலாகியிருக்காது, அது வேற விஷயம்.

அந்தக் காசு எங்க போச்சு? முதல்ல நிலத்துக்கு. காப்பி செத்துப் போன தோட்டத்தைத் தங்கத் தோட்டம்னு நல்ல விலைக்குக் கை மாத்திட்டாங்க துரைமாருங்க. அவங்களுக்கு நிஜமாவே தங்கம் கிடைச்சுது, கடப்பாரையைத் தொடாமயே. அடுத்தது மெஷினுக்கு. சீமையிலருந்து கல் இடிக்கிற மெஷின் கப்பல்ல வந்து, மலபார்க் கரையில இறங்கி, மாட்டு வண்டியில மலை ஏறணும். ரோடு போடணும். பங்களா கட்டணும். மேனேஜருக்குச் சம்பளம், குதிரை, விஸ்கி. பந்தலூர்ல அப்ப குதிரைப் பந்தயமே நடந்துச்சுன்னு கூட வந்த தம்பி சொன்னாரு. தோண்டுன கூலியாளுங்களுக்குக் கிடைச்சது மலேரியாக் காய்ச்சல்.

எல்லாம் பண்ணி, கல்லை இடிச்சுப் பாத்தா ஒரு டன் கல்லுக்கு ஒரு சில கிராம் தேறுனாலே பெரிசு. பல இடத்துல அதுவும் இல்ல.

ஏன்? ஸ்மித்து பொய் சொன்னாரான்னா, அப்படியும் சொல்ல முடியல. மேலாப்புல இருக்கற பாறை ஆயிரக்கணக்கான வருஷம் மழையில ஊறி உளுத்துப் போயிருக்கும். அதுல தங்கம் தனியா நிக்கும், பாதரசத்தைப் போட்டா ஒட்டிக்கிட்டு வந்துரும். பத்துப் பதினஞ்சு ஆள் ஆழம் போனா தங்கம் தூளோட தூளா, இரும்புக் கந்தகக் கல்லுக்குள்ள சிறைப்பட்டுக் கிடக்கும். பாதரசத்துக்கு அது வசப்படாது. அதைப் பிரிச்சு எடுக்கற சயனைடு முறைக்குக் காப்புரிமை வாங்குனதே 1887-லதான். அதுக்குள்ள இங்க கடையைச் சாத்திட்டாங்க. மேலாப்புல மாதிரி எடுத்து மலைக்கே விலை போட்டதுதான் கோளாறு. புளி மூட்டையில மேல இருக்கற நாலு சுளையைக் காட்டி வித்துட்டுப் போறானே சந்தையில, அந்தக் கதை.

1883-க்குள்ள ஏறக்குறைய எல்லாம் ஓஞ்சு போச்சு. டிவியில விளம்பரம் வருதே, செய்கூலி இல்லை சேதாரம் இல்லைன்னு. தேவாலாவுல செய்கூலி உண்டு, சேதாரம் உண்டு. நகைதான் இல்ல.

மாமாவுக்காக கேஜிஎஃப் பத்தியும் ரெண்டு வரி. கோலார்லயும் அதே 1880-ல லண்டன் காசு இறங்குச்சு, அதே மாதிரி கைக்காசு கரைஞ்சு இழுத்து மூடற நிலைமைக்கு வந்துச்சு. பிளம்மர்னு ஒரு கேப்டன், பழங்காலத்து ஆளுங்க தோண்டி விட்டுட்டுப் போன குழிக்கு அடியிலயே இன்னும் ஆழமா போய்ப் பாக்க, தங்கம் ஓடுற வரி அகப்பட்டுச்சு. அப்புறம் 2001 பிப்ரவரி 28 வரைக்கும், மூணு கிலோமீட்டருக்கு மேல ஆழம் போயி, சுமார் 800 டன். இறங்கி வெட்டுனவங்கள்ல பெரும்பகுதி வடாற்காட்டுத் தமிழருங்க. ஒரு கேப்டன் கூடக் கொஞ்சம் தோண்டுனதுல ஒரு ஊரு சினிமாவுக்குப் போச்சு, இன்னொரு ஊரு வானிலைச் செய்தியில நிக்குது.

பாண்டிச்சேரிக்காரிங்கறதால இன்னொண்ணும் சொல்லணும். மனசுல உறுத்திக்கிட்டே இருக்கு. தேவாலாவுக்கு முன்னாடியே நம்ம ஆளுங்களைத் தங்கத்துக்குக் கப்பல் ஏத்தியிருக்காங்க. பிரெஞ்சு கயானாவுல 1855-ல அப்ருவாக் ஆத்துல தங்கம் கிடைச்சுது. புதுச்சேரியிலிருந்தும் காரைக்கால்லருந்தும் ஒப்பந்தக் கூலியா போன தமிழருங்கள்ல ஒரு பகுதியைக் கரும்புக்காட்டுக்குப் பதிலா அந்தத் தங்கக் காட்டுக்குள்ள தள்ளியிருக்காங்க. செத்தவங்க கணக்கு தாங்க முடியாமப் போயி, 1870-கள்ல கயானாவுக்கு ஆள் அனுப்பறதையே பிரிட்டிஷ்காரங்க நிறுத்திட்டாங்க. நம்ம கடற்கரை ரோட்டுல சாயங்காலம் சுண்டல் தின்னுக்கிட்டு நடக்கறோமே, கப்பல் கிளம்புனது அந்தக் கரையிலருந்துதான். அங்க டூப்ளேக்கு சிலை இருக்கு. இவங்களுக்கு ஒரு பலகைகூட நான் பாத்ததில்ல.

திரும்பி நடக்கும்போது வழியில ஒரு வீட்டுச் சுவர் ஒரு பக்கம் மட்டும் புதுச் செங்கல். "யானை"ன்னாரு தம்பி, தெருநாயைச் சொல்ற மாதிரி. இந்தப் பக்கத்துல அரிசிக்காகவே வீட்டை இடிக்கிற ஒரு மக்னா (தந்தம் இல்லாத ஆண் யானை) இருந்துச்சு. வனத்துறை வச்ச பேரு பிஎம்2. 2022 டிசம்பர்ல மயக்க ஊசி போட்டுப் புடிச்சு முதுமலைக் காட்டுல விட்டாங்க. அது பாட்டுக்கு நடந்து, அடுத்த மாசமே சுல்தான் பத்தேரி டவுனுக்குள்ள போயி நின்னுச்சு. கேரளாக்காரங்க திரும்பப் புடிச்சு முத்தங்கா முகாம்ல வச்சு ராஜான்னு பேரு வச்சுட்டாங்க. யானை மட்டுமில்ல, இந்த வட்டாரத்துல பூமியைக் கேட்டு அலையற மனுஷங்களும் ரொம்பப் பேரு. நிலம் ஆதியில நிலம்பூர் கோவிலகத்தோட ஜென்ம நிலம் (பரம்பரைச் சொத்து). 1969-ல ஜென்ம ஒழிப்புச் சட்டம் வந்தும், அதோட செக்ஷன் 17-ஐ வச்சு நடக்கற வழக்குல பல குடும்பத்துக்கு இன்னும் பட்டா கைக்கு வரல. அந்த டீக்கடை அம்மாகிட்ட பட்டா இருக்கான்னு கேட்டேன். "டீக்குச் சக்கரை போதுமா அக்கா?"ன்னு கேட்டாங்க. நான் அதுக்கு மேல கேக்கல.

எங்க வீட்டுக்காரர் மட்டும் பஸ்ஸுல ரொம்ப நேரம் பேசாம வந்தாரு. நாடுகாணி தாண்டி, "நம்ம மனைக்காவது பட்டா இருக்குல்ல"ன்னாரு. முதல் தடவையா அந்த மனையைப் பத்தி ஒரு நல்ல வார்த்தை.

ஊருக்கு வந்ததும் அந்தக் கல்லை எடுத்துக்கிட்டு எங்க பத்தர்கிட்ட போனேன். என் தாலிச் சரடுலருந்து பொண்ணு மூக்குத்தி வரைக்கும் அவர் கைதான். பட்டறைன்னா ஒரு சின்ன அறை, கரி அடுப்பு, ஊதுகுழல், ஒரு பழைய பாய். கண்ணாடியை நெத்திக்கு ஏத்திட்டு கல்லைத் திருப்பித் திருப்பிப் பாத்தாரு. மின்னுற இடத்தை உரைகல்லுல ஒரு இழுப்பு இழுத்தாரு. பக்கத்துல என் மோதிரத்தை ஒரு இழுப்பு. மோதிரம் மஞ்சளா கோடு விட்டுச்சு. கல்லு விட்ட கோடு கருப்பு, சாய்ச்சுப் பாத்தா லேசா பச்சை.

அப்புறம் அந்த மின்னுற இடத்துலருந்து ஒரு பொட்டு பேத்தெடுத்து, பட்டறைக்கல்லு மேல வச்சு சுத்தியால ஒரு தட்டு. தங்கமா இருந்தா தகடாப் பரவும். இது பொடிஞ்சு போச்சு. தீக்குச்சி உரசுன மாதிரி ஒரு வாசனை.

"கந்தகம்மா இது. இரும்பும் கந்தகமும்."

"ஒரு குண்டுமணிகூட இருக்காதா பத்தரே?"

அவரு பதில் சொல்லாம, பாய்க்கு அடியிலருந்து ஒரு பால் பவுடர் டப்பாவை இழுத்தாரு. உள்ள கருப்பா தூசி. பட்டறை கூட்டுன குப்பை, அரத்தூள், கரிச்சாம்பல், உமி, தலைமுடி. வருஷத்துக்கு ஒரு தடவை ஆள் வந்து விலை பேசி எடுத்துட்டுப் போவானாம். அரிச்சு, உருக்கி, அதுலருந்து பொன்னு எடுப்பானாம்.

"எந்த ஊருன்னு சொன்னீங்க?"

"தேவாலா."

"உங்க தேவாலாவுக்கு என் குப்பை தேவலாம்மா"ன்னாரு. தமாஷா சொன்னாரா, தானா வந்து விழுந்துச்சான்னு தெரியல. முகத்துல ஒண்ணும் காட்டல. உரைச்சதுக்குக் காசு வேணாம்னுட்டாரு.

கல்லைத் துளசித் தொட்டியில வச்சிருக்கேன். தினமும் தண்ணி ஊத்தறதுல மஞ்சள் மின்னல் போயி, சுத்தி செம்மண் கலர்ல துரு இறங்கிருச்சு, தொட்டி ஓரமெல்லாம் கறை. முந்தாநாள் மாமா தாம்பூலப் பை குடுக்க வந்தாரு (பாயசத்தை வச்சுட்டுப் போனதுல நான் அதையும் வாங்காம வந்துட்டேன்). செருப்பைக் கழட்டும்போது தொட்டியைப் பாத்துட்டாரு.

"இதுதான் அந்தத் தங்கமா? இன்னாம்மா இது, இரும்பு மாரி துரு புடிச்சுக் கீது."

இந்த ஒரு விஷயத்துல மாமா சொன்னது சரி. காப்பி போட உள்ள போயிட்டேன்.